கொல்லிமலை முதல் வேலூர் வரை: கிறித்தவ மருத்துவப் பணியில் வலியும் சுகமும்

நோயைப் பாவத்துக்குக் கிடைத்த தண்டனையாகக் காணும் எண்ணம் பழைய ஏற்பாட்டில் ஆங்காங்கே ஒலித்தாலும், அதே ஏற்பாட்டிலுள்ள யோபு நூல் அதனை வன்மையாக மறுக்கிறது. பிறவிக் குருடன் ஒருவனைக் காட்டி, பாவம் செய்தவன் இவனா, இவனைப் பெற்றவர்களா எனச் சீடர்கள் கேட்டபோது, இயேசு இரண்டையுமே ஏற்கவில்லை என்கிறது யோவான் நற்செய்தி. தொழுநோயாளர் எனக் கருதப்பட்டோரைக் குடியிருப்புக்கு வெளியே நிறுத்தியது லேவியராகமம். இயேசுவோ அத்தகையவரைத் தொட்டே குணமாக்கினார். ஆதலால் கிறித்தவ மரபில் சுகம் என்பது உடற்பிணி நீங்குவதோடு, விலக்கப்பட்டவர் மீண்டும் ஊருக்குள் சேர்வதையும் உள்ளடக்கியது. இக்கருத்து நடைமுறை மருத்துவமாக உருப்பெற்ற வரலாற்றின் ஒரு கிளை, ஆத்தூர்ச் சமவெளிக்குத் தென்மேற்கே உயர்ந்து நிற்கும் கொல்லிமலையில் தொடங்குகிறது.

1913இல் மணம் முடித்து அம்மலையில் குடியேறிய ஜெஸ்ஸி பிராண்ட், ஈவ்லின் என்னும் ஆங்கிலேய மறைப்பணி இணையருள், கணவர் மருத்துவப் பட்டம் பெற்றவர் அல்லர்; குறுகிய காலப் பயிற்சியே அவருக்கு இருந்தது. எனினும், குடிநீர் வழியாக உடலுக்குள் புகுந்து, தோலைத் துளைத்து வெளிவரும் நரம்புச் சிலந்திப் புழுவை, அறுந்துபோகாதபடி சிறு குச்சியில் சுற்றிச் சுற்றி அவர் வெளியே எடுத்தார். அத்தோடு நில்லாமல், மக்கள் காலை நனைத்து இறங்கி நீர் மொள்ளும் கிணறுகளே நோயின் ஊற்று என்பதால், அவற்றுக்குச் சுற்றுச்சுவர் எழுப்பவும் கற்றுக்கொடுத்தார். நோயாளிக்காகச் செய்யும் வேண்டுதலும் கிணற்றுக்குக் கட்டும் சுவரும் அவரிடம் ஒரே பணியின் இரு கூறுகள். அவரோ 1929இல், மலேரியா முற்றிச் சிறுநீர் கறுக்கும் கருநீர்க் காய்ச்சலால் அம்மலையிலேயே மாண்டார். நம்பிக்கையுடையோர்க்கு நோய் அணுகாது என்னும் மலிவான வாக்குறுதிக்கு இக்குடும்ப வரலாற்றில் இடமே இல்லை.

ஒன்பது வயது வரை கொல்லிமலையில் வளர்ந்த மகன் பால் பிராண்ட், இலண்டனில் அறுவை மருத்துவம் பயின்று, 1946இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். தொழுநோயாளரின் விரல்கள் நோயினால் தாமாக அழுகி உதிர்வதில்லை என்பதும், நரம்பு கெட்டு உணர்ச்சி மரத்துப்போவதால் தீச்சூடும் வெட்டுக்காயமும் தெரியாமல் அவை சிதைகின்றன என்பதும் அவரும் அவருடைய குழுவினரும் தெளிவாக்கிய உண்மைகள். இரவில் விரல்கள் குறைந்துபோவதன் காரணத்தைத் தேடியபோது, உறங்குவோரின் மரத்த விரல்களை எலிகள் கடிப்பது தெரியவந்தது. அதற்கு மருந்தாக நோயாளிகளுக்குப் பூனைகள் கொடுக்கப்பட்டன.

வலி உடலைக் காக்கும் காவலன் என்னும் பிராண்டின் கொள்கை இந்த அனுபவத்திலிருந்து பிறந்தது. வலியை அவர் இறைவனின் கொடை என்றும் கருதினார். ஆனால் இது வலியுணர்வு என்னும் அமைப்பைப் பற்றிய கூற்றே அன்றி, துன்புறுவோரைப் பொறுத்துக்கொள்ளச் சொல்லும் அறிவுரை அன்று. புற்றுநோயால் துடிப்பவரிடம் இதனை ஓதுவது, துன்பத்தில் கிடந்த யோபுவுக்கு ஆறுதலுக்குப் பதிலாக விளக்கம் ஓதிய அவருடைய நண்பர்களின் பிழையையே மீண்டும் செய்வதாகும்.

மடங்கிப்போன விரல்களை நிமிர்த்த, கையிலுள்ள நல்ல தசைநாணை வேறிடத்தில் பொருத்தும் அறுவைகளை 1940களின் பிற்பகுதியில் அவர் தொடங்கினார். கை சீரானவர்கள் சிலர் முறையிட்டது விந்தையானது: ஊனம் மறைந்ததால் பிச்சை விழவில்லை, தொழுநோய்த் தழும்பு இருப்பதால் வேலையும் கிடைக்கவில்லை. அறுவைக் கூடத்தில் முடிந்ததாகத் தோன்றிய மருத்துவம் உண்மையில் பாதியே என்று இம்முறையீடு உணர்த்தியதன் விளைவாக, நோயாளர் தங்கித் தச்சு முதலிய கைத்தொழில் கற்க, ‘நவஜீவ நிலையம்’ என்ற குடியிருப்பு வேலூரில் அமைந்தது.

தாய் ஈவ்லினோ, பணி ஓய்வு பெற்றபின் எவர் ஆதரவையும் எதிர்பாராமல் மலைக்குத் திரும்பி, ஆத்தூருக்கு வடக்கிலுள்ள கல்வராயன் மலை வரை தம் பணியை விரித்து, 1974இல் 95ஆம் வயதில் மறைந்தார். நடை தளர்ந்த முதுமையிலும், கைக்கோல்களை ஊன்றியும் மட்டக்குதிரையில் ஏறியும் மலையூர்களுக்குச் செல்வதை அவர் விடவில்லை.