தகரக் கூரை, தடுப்பூசிப் பெட்டி, பேட்டரி: காற்றைப் போல் லேசான வெப்பக்காப்புப் பொருள் எங்கே கைகொடுக்கும்?

கோலார் தங்கவயல்: கர்நாடகத்தின் கோலார் தங்கவயலில் உள்ள சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் அதிக ஆழம் கொண்டது. அதன் அடிமட்டங்களில் பாறையின் வெப்பநிலை 60 டிகிரி செல்சியஸைத் தாண்டும். மேலிருந்து அனுப்பப்படும் காற்றும் அங்கே குளிர்ச்சியாகப் போய்ச் சேர்வதில்லை. ஆழத்தில் இறங்க இறங்க அழுத்தம் கூடுவதால், ஈரமற்ற காற்று ஒரு கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 10 டிகிரி வீதம் சூடேறும். 1930களிலேயே காற்றைக் குளிர்வித்து உள்ளே செலுத்தும் ஆலை இங்கு நிறுவப்பட்டதற்கு இதுவே காரணம்.

2001 பிப்ரவரியில் சுரங்கங்கள் மூடப்பட்டன. ஆனால் வெப்பம் தங்கவயலை விட்டுப் போகவில்லை. தமிழ்க் குடும்பங்கள் தலைமுறைகளாக வசித்துவரும் 'லைன்' வீடுகள் பலவற்றின் மேல் இன்றும் தகடுக் கூரைதான் இருக்கிறது. விண்கலங்களில் பயன்படும் ஏரோஜெல் என்ற வெப்பக்காப்புப் பொருள் இத்தகைய வீடுகளுக்கும் அன்றாட வாழ்வின் பிற தேவைகளுக்கும் உதவுமா என்பது இயல்பாக எழும் கேள்வி.

ஏரோஜெல் புதிய கண்டுபிடிப்பு அன்று. அமெரிக்க வேதியியலாளர் சாமுவேல் கிஸ்ட்லர் 1931இல் இதை உலகுக்கு அறிவித்தார். கூழ் போன்ற ஜெல்லில் உள்ள திரவத்தை, அதன் நுண்ணிய சட்டகம் சுருங்கிவிடாதபடி நீக்கிவிட்டு, அந்த இடத்தில் காற்றை நிரப்புவதே அவருடைய உத்தி. சாதாரணமாக உலர்த்தினால் திரவத்தின் பரப்பு இழுவிசை சட்டகத்தை நொறுக்கிவிடும். ஆகவே திரவத்துக்கும் வாயுவுக்கும் வேறுபாடு மறையும் அளவுக்கு வெப்பத்தையும் அழுத்தத்தையும் உயர்த்தி அதை வெளியேற்றினார். எஞ்சுவது பெரும்பாலும் காற்று. மிக லேசான வகைகளில் 99 சதவீதத்துக்கும் மேல். புகை உறைந்து நிற்பது போன்ற தோற்றத்தால் இதற்கு 'உறைந்த புகை' என்ற பெயரும் உண்டு.

அசையாத காற்றே நல்ல வெப்பக்காப்பு. தெர்மோகோலும் கம்பளியும் காற்றைச் சிறைப்பிடித்தே வேலை செய்கின்றன. ஏரோஜெல் இன்னும் ஒரு படி மேலே செல்கிறது. இதன் துளைகள் சில பத்து நானோமீட்டர் அகலமே கொண்டவை. காற்றின் மூலக்கூறு ஒன்று மற்றொன்றில் மோதும் முன் சராசரியாகக் கடக்கும் தொலைவு சுமார் 70 நானோமீட்டர். துளை அதைவிடச் சிறியதாக இருப்பதால் மூலக்கூறுகள் ஒன்றுக்கொன்று வெப்பத்தைக் கைமாற்றுவது வெகுவாகக் குறைகிறது. இதனால் ஒரு சென்டிமீட்டர் ஏரோஜெல், இரண்டு சென்டிமீட்டருக்கும் அதிக தடிமன் கொண்ட தெர்மோகோலின் வேலையைச் செய்யும்.

வலிமை பற்றிய பேச்சைச் சற்று எச்சரிக்கையோடு எடுத்துக்கொள்ள வேண்டும். 2 கிராம் ஏரோஜெல் இரண்டரைக் கிலோ செங்கல்லைத் தாங்கி நிற்கும் நாசாவின் படம் புகழ்பெற்றது. சீராக அழுத்தும் சுமையை அது தாங்கும் என்பது உண்மை; வளைத்தால் கண்ணாடி போல் நொறுங்கும் என்பதும் உண்மை. இழைகளோடு சேர்த்துப் போர்வையாகச் செய்தால்தான் அது நடைமுறைக்கு உதவும். நாசாவின் கிளென் ஆய்வு மையம் பாலிஇமைடு என்ற பாலிமரைக் கொண்டு மடங்கக்கூடிய வகையையும் உருவாக்கியுள்ளது. இந்தியாவில், திருவனந்தபுரத்திலுள்ள இஸ்ரோவின் விக்ரம் சாராபாய் விண்வெளி மையம் சிலிக்கா ஏரோஜெல்லை உருவாக்கியிருக்கிறது. கடுங்குளிர்ப் பகுதி வீரர்களின் உடைகளிலும் காலணிகளிலும் அதைப் பயன்படுத்தலாம் என்று கூறப்பட்டது.

சரி, தகரக் கூரைக்கு வருவோம். ஏரோஜெல்லின் தனிச்சிறப்பு குறைந்த தடிமன். கூரைக்கும் தலைக்கும் இடையே தாராளமாக இடம் இருக்கும் வீட்டில் அந்தச் சிறப்புக்குப் பணம் கொடுப்பது வீண். அங்கே தெர்மோகோல் பலகையோ மூங்கில் தட்டியோ போதும். அதற்கும் முன்னால் வெயிலையே திருப்பி அனுப்பும் வெள்ளைப் பூச்சு இருக்கிறது. தெலங்கானா அரசு 2023இல் குளிர்கூரைக் கொள்கை கொண்டுவந்தது இந்த எளிய வழியை நம்பித்தான்.

சுரங்கத் தொழிலாளியின் உடைக்கும் இது பொருந்தாது. வெப்பக்காப்பு எதையும் குளிர்விப்பதில்லை. வெப்பம் கடப்பதைத் தாமதப்படுத்துகிறது, அதுவும் இரு திசையிலும். கடினமாக உழைப்பவரின் உடல் தானே சில நூறு வாட் வெப்பத்தை உண்டாக்கும். வியர்வை உலர வழியின்றி அதை உள்ளே அடைத்துவைத்தால் உயிருக்கே ஆபத்து. சியாச்சினில் வீரரைக் காக்கும் அதே குணம் பூமிக்கடியில் பகையாகிவிடும்.

இடம் குறுகியிருக்கும் இடங்களில்தான் ஏரோஜெல் தன் விலைக்கு நியாயம் செய்கிறது. மின்சார வாகனம் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. பேட்டரியின் ஒரு செல் கட்டுப்பாடின்றிச் சூடேறினால், அடுத்தடுத்த செல்களுக்கும் அது பரவும். செல்களுக்கு இடையே வைக்கப்படும் மெல்லிய ஏரோஜெல் தகடு அந்தப் பரவலைத் தாமதப்படுத்தி, பயணி வெளியேற அவகாசம் தரும். வெளிநாடுகளில் இது ஏற்கெனவே பயன்பாட்டில் உள்ளது. 2022இல் இந்தியாவில் மின்சார ஸ்கூட்டர்கள் அடுத்தடுத்துத் தீப்பற்றியதும், பேட்டரி பாதுகாப்பு விதிகள் கடுமையாக்கப்பட்டதும் வாசகர்களுக்கு நினைவிருக்கலாம்.

ஆலைகளின் நீராவிக் குழாய்கள், வெளிச்சத்தை விட்டு வெப்பத்தைத் தடுக்கும் கூரைச் சாளரங்கள் ஆகியவற்றிலும் இது வழக்கத்துக்கு வந்துவிட்டது. கிராமங்களுக்குத் தோளில் சுமந்து செல்லும் தடுப்பூசிப் பெட்டியின் சுவரை மெலிதாக்கினால், அதே அளவு பெட்டியில் கூடுதல் மருந்து கொள்ளும். வீட்டுக் குளிர்சாதனப் பெட்டிக்கு மட்டும் அவசரம் இல்லை. அதிலுள்ள பாலியூரித்தேன் நுரையே ஏரோஜெல்லுக்குச் சற்றுத்தான் பின்தங்கியது.

பெரிய தடை விலை. உயர் அழுத்தக் கலன்களில் உலர்த்துவது செலவு மிக்கது. ஆகவே துளைச் சுவர்களை நீர் ஒட்டாதபடி வேதிமுறையில் மாற்றி, சாதாரண அழுத்தத்திலேயே உலர்த்தும் முறைகள் வளர்ந்துள்ளன. விலை உயர்ந்த மூலப்பொருளுக்குப் பதிலாக நெல் உமிச் சாம்பலிலிருந்து சிலிக்கா எடுக்கவும் முடியும். உமியை எரித்தால் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு சாம்பலாக எஞ்சும். அதில் பெரும்பகுதி சிலிக்காதான்.

தங்கவயலில் மலை மலையாகக் குவிந்திருக்கும் சயனைடு மணலிலும் சிலிக்கா உண்டே என்று சிலர் கேட்கலாம். தங்கம் கிடைத்ததே குவார்ட்ஸ் பாறையில்தான் என்பதால் கேள்வி நியாயமானது. ஆனால் குவார்ட்ஸ் படிக வடிவிலானது. அதைக் கரையும் சிலிக்கேட்டாக மாற்ற, சோடா சேர்த்து 1,000 டிகிரிக்கு மேல் உருக்க வேண்டும். மணலில் கலந்துள்ள பிற பொருள்களையும் நீக்க வேண்டும். உமிச் சாம்பலின் சிலிக்காவோ படிகமாகாதது. சூடான காரக் கரைசலிலேயே கரைந்துவிடும்.