லடாக்கில் ஒரு கதிரை

பிரவீன் மோர்ச்சலே இயக்கிய ‘வாக்கிங் வித் த விண்ட்’ 2017இல் வந்த படம். மறு ஆண்டு அறிவிக்கப்பட்ட இந்தியத் தேசிய விருதுகளில் லடாக்கி மொழியின் சிறந்த படமாகத் தெரிவானது. கதை சிறியது. பத்து வயதுப் பையன் ஒருவன் பாடசாலையில் நண்பனின் கதிரையைத் தவறுதலாக உடைத்துவிடுகிறான். அதைத் திருத்துவதற்காக ஏழு கிலோமீற்றர் மலைப்பாதையில் தன் கிராமத்துக்குச் சுமந்து செல்கிறான். கியாரொஸ்தமியின் ‘நண்பனின் வீடு எங்கே’ (1987) பார்த்தவர்களுக்கு, கொப்பியோடு ஓடும் அந்த ஈரானியச் சிறுவன் நினைவுக்கு வருவான். உடைந்த கதிரைகளை வகுப்பறை மூலையில் அடுக்கியே பழகிய எம்போன்ற ஆசிரியர்களுக்கு இந்தப் பையன் கொஞ்சம் சங்கடமானவன்தான்.

நான் எழுத வந்தது அவன் பேசும் மொழியைப் பற்றி. லடாக்கி திபெத்திய மொழிக் குடும்பத்தைச் சேர்ந்தது. திபெத்திய மொழி என்றதும் மடாலயமும் லாமாக்களும்தான் நமக்குத் தோன்றும். ஆனால் அதே குடும்பத்தின் பூரிக், பால்டி மொழிகளைப் பேசுவோரில் மிகப் பெரும்பாலானோர் முஸ்லிம்கள். கார்கிலிலும், எல்லைக்கு அப்பால் ஸ்கர்டுவிலும் வாழ்பவர்கள். மூன்று என்ற எண்ணை லாசாவில் ‘சும்’ என்பார்கள். பழைய திபெத்திய எழுத்தில் அச்சொல்லின் முன்னே ஒரு ககர மெய் உண்டு. லாசா அதை உதிர்த்துவிட்டது. பால்டி முஸ்லிம்களின் நாவில் அந்த முன்னொலி இன்றும் கேட்கிறது. எழுதுவது பாரசீக எழுத்தில். அறபுத் தமிழ் கண்ட நமக்கு இது புதினமல்ல. கேசர் மன்னனின் காவியத்தை அவர்களும் இரவிரவாகச் சொல்லி வந்திருக்கிறார்கள்.

லே அரண்மனையை 17ஆம் நூற்றாண்டில் எழுப்பிய சிங்கே நம்கியால் பௌத்த அரசர். அவருடைய தாய் கியால் காத்தூன், பால்டி முஸ்லிம் இளவரசி. எங்கள் கரையோரத்துக் குடி வழமைப்படி பார்த்தால் பிள்ளை தாயின் குடிதான்! அந்தக் கணக்கை அங்கே யாரும் பார்க்கவில்லை. ஒரே குடும்பத்தில் இரு மார்க்கத்தாரும் இருந்த வீடுகள் லேயில் அண்மைக்காலம் வரை இருந்தன.

1947–48 யுத்தம் பால்டி மக்களை இரு நாடுகளுக்குப் பிரித்தது. 1979இல் கார்கில் தனி மாவட்டமானது. 1989இல் லேயில் கலவரம். லடாக் பௌத்த சங்கம் முஸ்லிம்களைப் பகிஷ்கரிக்கும்படி அறிவித்தது. முஸ்லிம் கடையில் வாங்கக் கூடாது, முஸ்லிம் வீட்டில் உண்ணக் கூடாது. 1992 வரை அது நீடித்தது. மொழி ஒன்றாயிருந்தும் உதவவில்லை.

அந்த ஆண்டுகளைப் படிக்கும்போது எம் கரை கண்முன் வராமல் இருக்குமா? 1990 ஆகஸ்ட் 3இல் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்தோர் புலிகளால் கொல்லப்பட்டனர். அடுத்த வாரம் ஏறாவூர். அதே ஆகஸ்டில் வீரமுனைக் கோயிலில் தஞ்சமடைந்திருந்த தமிழர்கள் கொல்லப்பட்டனர். ஊர்காவல் படையினராக இருந்த முஸ்லிம்கள் அதில் குற்றஞ்சாட்டப்பட்டனர். முதலிரண்டையும் நாம் ஆண்டுதோறும் நினைவுகூருகிறோம். மூன்றாவதை நம் பக்கங்களில் எழுதுவது குறைவு. கொன்றவரும் கொல்லப்பட்டவரும் பேசியது தமிழ்.

2019 ஜூனில், கல்முனை வடக்கு உப பிரதேச செயலகத்தைத் தரமுயர்த்தக் கோரித் தமிழர் உண்ணாவிரதம் இருந்தனர். எதிர்த்து முஸ்லிம்கள் சத்தியாக்கிரகம் இருந்தனர். அதே ஆண்டில் லடாக் ஒன்றியப் பிரதேசமாகப் பிரிக்கப்பட்டது. முதலில் லே கொண்டாடியது, கார்கில் எதிர்த்தது. ஆனால் காணியும் தொழிலும் கைநழுவிப் போகுமோ என்ற பயம் இரு பக்கத்துக்கும் ஒன்றாகவே வந்தது. 2021இல் லேயின் உயர்பீடமும் கார்கில் ஜனநாயகக் கூட்டணியும் கைகோத்தன. மாநில அந்தஸ்து, அரசியலமைப்பின் ஆறாவது அட்டவணைப் பாதுகாப்பு என்று ஒரே கோரிக்கைப் பட்டியலோடு டில்லியில் பேச்சுக்கு அமர்ந்தன. பகிஷ்கரிப்பு முடிந்து முப்பது ஆண்டுகூட ஆகியிருக்கவில்லை.