பாடல் நிலைத்தது, பெயர்கள் மறைந்தன



டிசம்பர் மாதம் பிறந்துவிட்டால் நம் ஆலயங்களில் தவறாமல் ஒலிக்கும் பாடல்களுள் ஒன்று ‘ஒப்பில்லா திரு இரா’. ஜெர்மன் மொழியில் எழுதப்பட்ட அதன் மூலப்பாடல் முதன்முதலாகப் பாடப்பட்டது 1818 டிசம்பர் 24 அன்று, ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க் நகருக்கு அருகிலுள்ள ஓபெர்ன்டோர்ஃப் என்னும் சிற்றூரின் புனித நிக்கோலாஸ் ஆலயத்தில்.

எலிகள் ஆர்கனின் துருத்தியைக் கடித்துவிட்டதால், கிட்டார் இசையுடன் பாட அவசரமாக இப்பாடல் எழுதப்பட்டது என்று ஒரு கதை உண்டு. சுவையான கதைதான், ஆயினும் அது பிற்காலத்தில் புனையப்பட்டது. பாடலுக்கு இசையமைத்தவர் எழுதிவைத்த குறிப்பில் எலிகளும் இல்லை, பழுதடைந்த ஆர்கனும் இல்லை. பாடல் வரிகளோ இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே எழுதப்பட்டவை.

அவற்றை எழுதியவர் யோசேப் மோர். 1792-இல் சால்ஸ்பர்க்கில் பிறந்தவர். தாய் பின்னல் வேலை செய்து பிழைத்த ஏழைப்பெண். படைவீரரான தகப்பன், பிள்ளை பிறக்குமுன்னே படையை விட்டு ஓடிப்போனார். நகரத்தில் மரணதண்டனை நிறைவேற்றிவந்தவரே பிள்ளையின் ஞானத்தகப்பன். திருமணத்திற்குப் புறம்பே பிறந்தவர் என்பதால், குருப்பட்டம் பெற அவருக்குச் சிறப்பு அனுமதி தேவைப்பட்டது.

நெப்போலியனின் போர்கள் ஓய்ந்த மறு ஆண்டு 1816. ஐரோப்பாவின் பெரும்பகுதியில் கோடையே வராமல் பயிர்கள் அழிந்து, பஞ்சம் தலைகாட்டிய ஆண்டு அது. அந்த ஆண்டில்தான் மரியாபார் என்ற மலையூரில் உதவிக் குருவாயிருந்த மோர், பரலோக சமாதானத்தைப் பற்றிய இக்கவிதையை எழுதினார். 1818-இன் கிறிஸ்துமஸ் முந்தின நாளில், அருகிலுள்ள ஊரின் பள்ளி ஆசிரியரும் ஆர்கன் வாசிப்பவருமான ஃபிரான்ஸ் சேவர் குரூபரிடம் அதைக் கொடுத்து இசையமைக்கக் கேட்டார். அன்றிரவே மோர் கிட்டாரை மீட்டிப் பாட, குரூபர் கீழ்க்குரலில் இணைந்து பாடினார்.

ஆர்கனைப் பழுதுபார்க்க வந்த கார்ல் மவுராஹர் என்பவர் இப்பாடலைத் தம் ஊராகிய சில்லர்தால் பள்ளத்தாக்கிற்குக் கொண்டுபோனார். அங்கிருந்த பாடகர் குடும்பங்கள் அதை லைப்சிக்கிலும், 1839-இல் நியூயார்க்கிலும் பாடின. பாடல் பரவியது; பெயர்கள் பரவவில்லை. நாட்டுப்பாடல் என்றனர் சிலர். புகழ்பெற்ற இசைமேதைகளின் படைப்பு என்றனர் வேறு சிலர். 1854-இல் பெர்லின் அரசவை இசைக்குழுவினர், இது மிகேல் ஹைடனுடையதோ என்று சால்ஸ்பர்க்கிற்கு எழுதிக் கேட்டனர். அப்போதுதான் முதியவரான குரூபர் நடந்ததை எழுதி அனுப்பினார். மோர் அதைக் காண உயிரோடில்லை. வாக்ரைன் என்ற ஊரில் ஏழைப் பிள்ளைகளும் கல்வி பெற உழைத்த அவர், 1848 டிசம்பர் 4 அன்று தமக்கென ஒன்றும் சேர்க்காதவராகவே மரித்திருந்தார். அவர் கையால் எழுதிய பிரதி 1995-இல்தான் வெளிப்பட்டது. இசை குரூபருடையது என்று அதில் அவரே குறித்திருந்தார்.

பிரியமானவர்களே, இந்த நாட்களில் ஆலயத்தைப் பெருக்குகிறவர்கள், நட்சத்திரங்களைக் கட்டுகிறவர்கள், பிள்ளைகளின் நாடகத்திற்கு உடை தைக்கிறவர்கள் உண்டு. நன்றி கூறும் பட்டியலில் சிலருடைய பெயர் விடுபட்டுப்போகும். அதனால் மனம் நொந்து ஊழியத்தை விட்டு விலகினவர்களும் நம் நடுவில் உண்டு. நடுகிறவனும் நீர்ப்பாய்ச்சுகிறவனும் அல்ல, விளையச்செய்கிற தேவனே எல்லாம் என்று கொரிந்து சபைக்குப் பவுல் நினைவூட்டினார். அதே வேளையில், தம்முடைய நாமத்திற்காகச் செய்த அன்புள்ள உழைப்பைத் தேவன் மறப்பதில்லை என்று எபிரெயர் நிருபம் உறுதி தருகிறது.

தேவன் மறவாதவர். ஆயினும் மறந்துபோகிற நாம் அதைச் சாக்காகக் கொள்ளலாகாது. இந்த வாரம், இதுவரை நாம் நன்றி சொல்லாத ஒருவரைத் தேடிச்சென்று, பெயர் சொல்லி அழைத்து நன்றி கூறுவோம். மாட்டுத்தொழுவத்தில் தாழ்மையாய்ப் பிறந்த ஆண்டவர் நம் இருதயங்களைத் தம் சமாதானத்தால் நிரப்புவாராக. ஆமென்.