பீரங்கித் தோட்டாவும் வரலாற்று மாணவனும்

எங்கள் அம்மையார்குப்பம் நெசவாளர் ஊர். தறியோசை கேளாத தெரு அங்கே அரிது. 2007ஆம் ஆண்டில், நான் தலைமையாசிரியனாக இருந்த காலத்தில், எங்கள் பள்ளியில் வரலாற்றுக் கண்காட்சி ஒன்று வைக்க எண்ணிப் பழம்பொருள் தேடி வீடு வீடாகச் சென்றேன். ஒரு நெசவாளர் வீட்டுக் கூடத்தில், மயிற்பீலிகள் செருகிய பித்தளைக் கலம் ஒன்று நின்றது. முழங்கையளவுகூட உயரமில்லை, ஆனால் நல்ல கனம். "எங்க அப்பா முதல் சண்டையில மெசபொட்டேமியாவுக்குப் போனாருங்க, வாத்தியாரய்யா. அங்கேயிருந்து கொண்டாந்தது" என்றார் எண்பது வயதுப் பெரியவர். நான் அதைக் கவிழ்த்துப் பார்த்தேன். அது பூச்சாடியன்று, பீரங்கித் தோட்டாவின் கூடு.

தோட்டா என்பது யாது? பீரங்கியிலிருந்து குண்டை வெளியே தள்ளுவது வெடிமருந்து. அளந்த மருந்தை ஓர் உறையிலிட்டு வைத்தால் அது தோட்டா. அவ்வுறை தொடக்கத்தில் உலோகமன்று, துணியும் தாளுமே. எங்கள் ஊருக்கு அணித்தே உள்ள சோளிங்கரில் 1781 செப்டம்பர் 27ஆம் நாள் ஹைதர் அலியின் படையும் சர் அயர் கூட்டின் கும்பினிப் படையும் மோதின. அக்காலத்துப் பீரங்கிகளுக்கு மருந்தைக் கம்பளித் துணிப் பைகளிலோ தாள் உறைகளிலோ கட்டிவைப்பர். சுட்டதும் பை எரிந்துவிடும். கனன்றுகொண்டிருக்கும் துணுக்கு அடுத்த பையைப் பற்றவைத்துவிடாதபடி, ஈரப் பஞ்சுக்கோலால் குழாயைத் துடைத்த பின்னரே மறுமுறை மருந்திடுவர். ஆகவே சோளிங்கர்க் களத்தில் தேடுவோனுக்கு இரும்புக் குண்டு அகப்படலாம், தோட்டா அகப்படாது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பித்தளைக் கூடு பரவலாயிற்று. மருந்து வெடிக்கும் கணத்தில் பித்தளை விரிந்து குழாயின் பின்புறத்தை அடைத்துக்கொள்ளும். வேகம் அடங்கியதும் சற்றே சுருங்கி, எளிதில் வெளியே வந்துவிடும். இதனால் விரைந்து சுடுதல் இயன்றது. இங்கே ஒன்றைக் கவனியுங்கள். குண்டு பகைவரிடம் போகிறது; கூடோ சுட்டவன் காலடியில் விழுகிறது.

சென்னை நகரமே இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. 1914 செப்டம்பர் 22ஆம் நாள் இரவு, கேப்டன் ஃபோன் முல்லர் தலைமையில் வந்த ஜெர்மானியக் கப்பல் எம்டன், தன் 10.5 சென்டிமீட்டர் பீரங்கிகளால் துறைமுகப் பக்கத்தைச் சுட்டது. ஏறக்குறைய அரைமணி நேரத்தில் நூற்றிருபதுக்கு மேற்பட்ட குண்டுகள் வீழ்ந்தன. பர்மா எண்ணெய்க் கம்பெனியின் தொட்டிகள் பற்றியெரிந்தன. அஞ்சிய மக்கள் ஊரைவிட்டே பெயர்ந்தனர். பின்னர் குண்டுச் சிதறல்களைப் பொறுக்கி நினைவுப் பொருளாக வைத்துக்கொண்டாரும் உளர். புனித ஜார்ஜ் கோட்டை அருங்காட்சியகத்தில் அத்தகைய துண்டொன்றைக் காணலாம். அவையெல்லாம் குண்டின் துண்டுகளே. அன்றிரவு உதிர்ந்த பித்தளைக் கூடுகள் கப்பலிலேயே இருந்துவிட்டன. நவம்பர் 9ஆம் நாள் கோகோஸ் தீவுகளருகே ஆஸ்திரேலியக் கப்பல் சிட்னி எம்டனை முறியடித்தது. அதன் பீரங்கியொன்று இன்றும் சிட்னி நகரப் பூங்காவில் நிற்கிறது. நமக்குக் கிடைத்த சொத்து, சாமர்த்தியசாலியை 'எம்டன்' என்று சொல்லும் வழக்கு!

இனி, நெசவாளர் வீட்டுக் கலத்துக்கு வருவோம். கூடு சுடுவோன் பக்கத்திலேயே கிடக்கும் பொருள் என்றேன். எனவே அதை வீட்டுக்குக் கொணர்ந்தவர் பீரங்கியருகே நின்றவராக இருத்தல் கூடும். அடிப்பாகத்தில் 25 என்ற எண்ணும், பவுண்டர் என்பதன் சுருக்கமும், 1942 என்ற ஆண்டும் அழுந்தப் பொறித்திருந்தன. இருபத்தைந்து பவுண்டர் என்பது இரண்டாம் உலகப்போரில், 1940இல் களத்துக்கு வந்த பிரிட்டிஷ் பீரங்கி. அதன் குண்டு சுமார் 11.3 கிலோ. குண்டை முதலில் இட்டு, பின்னர்க் கூட்டைச் செருகுவர். கூட்டினுள்ளே மருந்து சிவப்பு, வெள்ளை, நீலத் துணிப்பைகளில் இருக்கும். தொலைவுக்கேற்பப் பைகளைக் கூட்டியும் குறைத்தும் சுடுவர். உலோகம் வந்த பின்னும் துணி முற்றும் விடைபெறவில்லை என்பதில் எங்கள் ஊர் நெசவாளர்களுக்குச் சிறிது பெருமை உண்டு.

முதற்போரில் சென்றவர் 1942இல் செய்த கூட்டை எவ்வாறு கொணர்ந்திருக்க முடியும்? இதைப் பெரியவரிடம் மெல்லச் சொன்னேன். நெடுநேரம் பேசாதிருந்தார். பின்பு, "அப்படின்னா அண்ணன்தாங்க" என்றார். வீட்டாரோடு பிணங்கிப் பட்டாளத்தில் சேர்ந்து, ஒரே முறை விடுப்பில் வந்து போன தமையன் அவருக்கு இருந்தார். போரிலிருந்து மீளவில்லை. அவர் பெயரையே அவ்வீட்டில் எடுப்பதில்லையாம். பேசப்படாத மகனின் பொருள், காலப்போக்கில், பெருமையோடு பேசப்பட்ட தந்தையின் பொருளாகிவிட்டது.

நான் செய்த பிழையையும் மறைப்பதற்கில்லை. அடிப்பாகத்தில் பொறிப்புக்கு அப்பால், கறுப்பு மையால் அச்சிட்ட மங்கிய எழுத்துகள் சில இருந்தன. மருந்திட்ட நாள், தொகுதி எண் முதலியவற்றை அவ்வாறு குறிப்பது வழக்கம். நாளை படியெடுக்கலாமென்று வைத்துவிட்டேன். கண்காட்சிக்கு முதல்நாள், நல்லெண்ணங்கொண்ட மாணவன் ஒருவன் புளியும் செங்கற்பொடியும் இட்டுக் கலத்தைத் தேய்த்துத் தங்கமாக்கிக் கொணர்ந்தான். எழுத்து ஒன்றும் எஞ்சவில்லை. அவனைக் கடிந்துகொள்ள எனக்கு உரிமையில்லை. தேய்க்காதே என்று நான் சொல்லியிருக்கவில்லை.

இன்னொன்றும் சொல்லவேண்டும். சுட்ட வெறுங்கூடு தீங்கற்றது. வெடியாத குண்டு அவ்வாறன்று. துருப்பிடித்தும் அது உயிரோடிருக்கும். 2004இல் வெளிநாட்டுப் போர்க்களத்திலிருந்து பழைய இரும்பாக வந்திறங்கிய குண்டுகள் காசியாபாத் அருகே ஆலையொன்றில் வெடித்துத் தொழிலாளர் பதின்மர் மாண்டனர். அத்தகையது கண்ணிற்பட்டால் தொடாது விலகி நின்று, காவல் நிலையத்துக்குத் தெரிவியுங்கள்.

கண்காட்சி முடிந்ததும் கலத்தைத் திருப்பிக் கொடுக்கச் சென்றேன். பெரியவர் ஒரு தாளை நீட்டித் தம் தமையனார் பெயரையும், பட்டாளத்துக்குப் போன ஆண்டையும் எழுதித் தரச் சொன்னார். எழுதினேன். அதை நாலாக மடித்துக் கூட்டின் அடியிலிட்டு, அதன்மேல் மயிற்பீலிகளைச் செருகி, பழைய இடத்திலேயே வைத்தார்.