பிறர் செவி புகாத பேச்சு

தில்லியில் காஷ்மீரி கேட்டை அடுத்து லோதியன் சாலை வழியே செல்வோர் அங்கு நிற்கும் ஒரு கற்றூணைப் பார்த்திருக்கக்கூடும். நம்மில் பெரும்பாலோர் பார்த்தும் பாராதவராய்க் கடந்துவிடுகிறோம். 1902-ஆம் ஆண்டில் நாட்டப்பெற்ற அத்தூண் போர்வீரர்க்கு எடுக்கப்பட்டதன்று. தந்தி அலுவலர்க்கு எடுக்கப்பட்டது. 1857 மே 11-ஆம் நாள், மீரட்டிலிருந்து புறப்பட்ட சிப்பாய்கள் தில்லிக்குள் நுழைந்தபோது, இந்நகரத் தந்தி நிலையத்தில் இருந்த பிரெண்டிஷ், பில்கிங்டன் என்னும் இரு இளைஞர் அம்பாலாவுக்குச் செய்தி அனுப்பினர். அவர்களுடைய மேலாளராகிய டாட் என்பவர், கம்பி அறுந்த இடத்தைக் காணச் சென்று உயிரிழந்தார். அச்செய்தி பஞ்சாபை எட்டவே, அங்கிருந்த ஆங்கில அதிகாரிகள் விழித்துக்கொண்டு தம் சிப்பாய்களின் ஆயுதங்களை முன்கூட்டியே பறித்துக்கொண்டனர். மின்தந்தி இந்தியாவைக் காத்தது என்ற பொருள்படும் ஆங்கில வாசகம் அத்தூணில் பொறிக்கப்பட்டுள்ளது. யாருக்காகக் காத்தது என்பதைத் தூண் சொல்லவில்லை.

கம்பியின் வலிமையை இவ்வாறு கண்டறிந்த ஓர் அரசு, அதனைப் பிறர் கையில் விட்டுவைக்குமா? 1885-ஆம் ஆண்டில் இந்தியத் தந்திச் சட்டம் பிறந்தது. பொது நெருக்கடி நேரும்போதோ, பொதுமக்களின் பாதுகாப்புக்குத் தேவை எனத் தோன்றும்போதோ, எந்தச் செய்தியையும் இடைமறிக்க ஆணையிடும் உரிமையை அதன் 5-ஆம் பிரிவு அரசுக்கு வழங்கிற்று. 1898-ஆம் ஆண்டின் அஞ்சலகச் சட்டம் கடிதங்களுக்கும் இத்தகையதொரு விதியை வகுத்தது. புதுச்சேரியில் தங்கியிருந்த பாரதியாரையும் வ. வே. சு. ஐயரையும் பிரிட்டிஷ் அரசின் ஒற்றர்கள் எவ்வாறு பின்தொடர்ந்தனர் என்பதை நாம் அறிவோம். அன்று ஒற்றனுக்கு அஞ்சாத தேசபக்தரின் வீடு இல்லை.

இவ்வரலாறு சட்டம் பயில்வோர்க்கு மட்டும் உரியதன்று. ஊரை விட்டுத் தொலைவில் வாழும் நமக்கு வீடு என்பது பாதி இங்கேயும் பாதி கம்பியிலும் இருந்து வந்திருக்கிறது. தபால் அட்டையில் எழுதினால் தபால்காரர் முதல் மாடிவீட்டார் வரை படிப்பர் என்று அஞ்சி, 'மற்றவை நேரில்' என்று முடித்த தலைமுறை நம்முடையது. டிரங்க் கால் பதிவு செய்து மணிக்கணக்கில் காத்திருந்த நாளில், இணைப்பைத் தரும் தொலைபேசி அலுவலர் நம் பேச்சைக் கேட்க நினைத்தால் கேட்கலாம். 1960-இல் லக்னோவுக்கும் கான்பூருக்கும் இடையே நேரடியாக எண்ணைச் சுழற்றிப் பேசும் எஸ்.டி.டி. முறை தொடங்கிய பின்னரே அந்த நடுவர் மெல்ல மெல்ல விலகினார். பின்னர் வந்த எஸ்.டி.டி. பூத்துகளிலும், கண்ணாடிக் கதவுக்கு வெளியே வரிசையில் நின்றவர்க்கெல்லாம் நம் குடும்பச் செய்தி கேட்டது. நல்லவேளையாக, நாம் பேசியது தமிழ். தில்லிப் பேருந்தில் நம்முடைய அந்தரங்கத்துக்கு நெடுங்காலம் காவலாக நின்றது தாய்மொழி ஒன்றே. அடுத்த இருக்கையில் இருப்பவர் திருச்சிக்காரர் என்று தெரியவரும் வரையில் அது நல்ல காவல்தான்!

'நம்மிடம் மறைப்பதற்கு என்ன இருக்கிறது? குற்றம் செய்தவன் அல்லவா அஞ்ச வேண்டும்?' என்று கூறுவோர் நம்மிடையே பலர். அந்தரங்கம் என்பதே மேல்நாட்டுச் சரக்கு என்பாரும் உளர். பின்னவர்க்கு நம் ஊர் வீட்டின் அமைப்பே விடை கூறும். திண்ணை வழிப்போக்கர்க்கும் உரியது, ரேழி அறிமுகமானவர்க்கு, கூடம் உறவினர்க்கு, அதற்கு அப்பால் யார் செல்லலாம் என்பதை வீட்டுப் பெண்டிர் அறிவர். யார் எதுவரை வரலாம் என்று வகுத்துவைத்த மக்களுக்கு அந்தரங்கம் புதிது என்று எவ்வாறு சொல்வது? முன்னவர்க்கு உத்தரப் பிரதேசத்து மனிதர் ஒருவரின் வரலாறு விடையாகும்.

கரக் சிங் என்பது அவர் பெயர். 1941-இல் ஒரு கொள்ளை வழக்கில் பிடிபட்டு, சான்று இல்லாமையால் விடுவிக்கப்பட்டார். வழக்கு முடிந்தது, ஆனால் காவல்துறை அவர் பெயரில் ஒரு கண்காணிப்பு ஏட்டைத் திறந்தது. அன்று முதல் காவலரும் கிராமச் சௌகிதாரும் நள்ளிரவில் வந்து கதவைத் தட்டுவர்; கூவி எழுப்புவர்; வீட்டினுள் நுழைவர். அவர் எங்கே செல்கிறார், யாரைக் காண்கிறார் என்று குறிப்பெழுதுவர். குற்றம் மெய்ப்பிக்கப்படாத ஒருவர் இவ்வாறு உறக்கமிழந்தார். மறைப்பதற்கு ஏதேனும் இருந்ததா என்ற கேள்வியே அங்கு எழவில்லை.

அவர் உச்ச நீதிமன்றத்தை அணுகினார். 1962 டிசம்பர் 18-ஆம் நாள் ஆறு நீதிபதிகள் தீர்ப்பளித்தனர். நமக்குச் சுவையான செய்தி யாதெனின், எதிரெதிர்க் கருத்துகளை எழுதிய இருவரும் சென்னை உயர்நீதிமன்றத்தில் நீதிபதிகளாக இருந்தவர்கள். பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதியவர் என். ராஜகோபால ஐயங்கார். இரவில் வீடு புகுதல் சட்டத்துக்கு மாறானது என்று அவர் அந்த விதியை நீக்கினார். ஆயின், ஒருவர் நடமாட்டத்தைப் பின்தொடர்ந்து கவனிப்பது அவர் உரிமையைப் பறிப்பதாகாது என்றும், அந்தரங்கம் என்பது நம் அரசியலமைப்பு உறுதியளித்த உரிமையன்று என்றும் எழுதினார். கே. சுப்பா ராவ் இதை ஏற்கவில்லை. போலீஸ்காரனின் கண் எப்போதும் தன் முதுகில் இருக்க நடப்பவனுக்கு நாடு முழுதும் சிறைக்கூடமே என்பது அவர் வாதம், ஜே. சி. ஷா அவருடன் நின்றார். நால்வர் ஒருபுறம், இருவர் மறுபுறம். சுப்பா ராவின் கருத்து தோற்ற கருத்தாக 55 ஆண்டுகள் காத்திருந்தது.

ஐயங்காரைக் குறைகூற நாம் விரும்பவில்லை. அரசியலமைப்பில் அச்சொல் இல்லை என்பது உண்மையே. இல்லாமற் போனதும் தற்செயலன்று. 1947-இல் அடிப்படை உரிமைகளை வகுத்தபோது, கடிதப் போக்குவரத்தின் மறைவைக் காக்கும் ஒரு விதியை முன்ஷி தம் முன்வரைவில் சேர்த்திருந்தார். சென்னையின் அட்வகேட் ஜெனரலாக விளங்கிய அல்லாடி கிருஷ்ணஸ்வாமி ஐயர் அதை எதிர்த்தார். தனியார் கடிதங்களுக்கு அரசாங்க ஆவணத்தின் தகுதி வந்துவிடும், வழக்குகளில் சான்று தேடுவது இடர்ப்படும் என்பது அவர் கருத்து. விதி கைவிடப்பட்டது. 1954-இல், டால்மியா குழும நிறுவனம் ஒன்றைப் பற்றிய விசாரணையில் 34 இடங்களைச் சோதனையிட்ட வழக்கிலும் எட்டு நீதிபதிகள் அத்தகைய உரிமை நம் அரசியலமைப்பில் இல்லை என்றனர்.

பின்னர் வந்த காலத்தில் இக்கேள்வி அரசியலார் வீட்டுக் கதவையே தட்டியது. 1988-இல் தொலைபேசி ஒட்டுக்கேட்புப் புகாரால் கர்நாடக முதலமைச்சர் ராமகிருஷ்ண ஹெக்டே பதவி விலகினார். 1991 மார்ச்சில், ராஜீவ் காந்தியின் இல்லத்தருகே அரியானாக் காவலர் இருவர் வேவு பார்த்தனர் என்று எழுந்த பூசலின் இறுதியில் பிரதமர் சந்திரசேகர் பதவி துறந்தார். ஒட்டுக்கேட்பவரும் ஒட்டுக்கேட்கப்படுபவரும் தேர்தலுக்குத் தேர்தல் இடம் மாறினரேயன்றி, வழக்கம் மாறவில்லை.

இவற்றுக்கு இடையே நிகழ்ந்த ஒன்றைத் தமிழர் சிறப்பாக நினைவிற்கொள்ளல் தகும். 1986-இல் நாடாளுமன்றத்தின் இரு அவைகளும் அஞ்சலகத் திருத்த மசோதாவை நிறைவேற்றின. கடிதங்களை இடைமறிக்கும் அதிகாரத்தை அது விரிவாக்கிற்று. குடியரசுத் தலைவர் ஜெயில் சிங் அதற்கு ஒப்புதலும் தரவில்லை, திருப்பியும் அனுப்பவில்லை; மேசையிலேயே வைத்திருந்து 1987-இல் ஓய்வு பெற்றார். அவருக்குப் பின் வந்தவர் தஞ்சை மாவட்டம் ராஜாமடத்தில் பிறந்த ஆர். வெங்கட்ராமன். அவர் 1990-இல் அம்மசோதாவை மறு ஆய்வுக்கெனத் திருப்பி அனுப்பினார். எந்த அரசும் அதை மீண்டும் நிறைவேற்ற முன்வரவில்லை. இறுதியில் அது திரும்பப் பெறப்பட்டது. குடியரசுத் தலைவர் கையொப்பமிடும் பொம்மை என்று எள்ளி நகையாடுவோர் இந்நிகழ்ச்சியை அறிந்திருப்பது நல்லது.

தமிழ்நாட்டிலிருந்தே ஒரு வழக்கும் வந்தது. கொலைக் குற்றத்துக்காக மரண தண்டனை பெற்றுச் சிறையிலிருந்த ஆட்டோ சங்கர் எழுதிய தன்வரலாற்றை 'நக்கீரன்' இதழ் வெளியிட முற்பட்டபோது, சிறை அதிகாரிகள் குறுக்கிட்டனர். 1994 அக்டோபரில் உச்ச நீதிமன்றம், தன்னைத் தன்போக்கில் விட்டுவிடுமாறு கேட்கும் உரிமை குடிமகன் ஒவ்வொருவர்க்கும் உண்டு என்றது. அதேவேளையில், பொது ஆவணங்களில் உள்ளதை வெளியிடப் பத்திரிகைக்குத் தடையில்லை என்றும், அரசு முன்கூட்டித் தடுத்தல் கூடாது என்றும் கூறிற்று. கரக் சிங் வழக்கையும் இதையும் சேர்த்துப் பார்த்தால் ஒன்று விளங்கும். நாம் நம் வீட்டுத் திண்ணையில்கூட அமரவிடாத மனிதர்களின் வழக்குகளாலேயே நம் வீட்டுக் கதவுக்குத் தாழ்ப்பாள் கிடைத்தது.

தொலைபேசிக்கு வரம்பு கட்டிய தீர்ப்பு 1996 டிசம்பர் 18-இல் வந்தது. கரக் சிங் தீர்ப்பு வந்த அதே நாள், 34 ஆண்டுகளுக்குப் பின்! மக்கள் சிவில் உரிமைக் கழகம் தொடுத்த அவ்வழக்கில், உள்துறைச் செயலரே ஆணையிட வேண்டும்; ஆணை இரண்டு மாதத்துக்கே செல்லும்; நீட்டித்தாலும் ஆறு மாதத்தைத் தாண்டலாகாது; ஒரு குழு அதை ஆராய வேண்டும் என நீதிமன்றம் விதித்தது. குழுவினரும் அரசுச் செயலர்களே என்பதுதான் நமக்கு நெருடலாக இருக்கிறது. ஒற்றாடல் என ஓர் அதிகாரமே வகுத்த வள்ளுவர், ஓர் ஒற்றன் கொணர்ந்ததை மற்றோர் ஒற்றனைக் கொண்டு சரிபார்க்கச் சொன்னார். ஒற்றர் ஒருவரையொருவர் அறியாதிருக்க வேண்டும் என்றும் சேர்த்துச் சொன்னார். செயலரின் ஆணையை, அவருடன் நாள்தோறும் அமர்ந்து பணிபுரியும் செயலர்களே ஆராய்வதை அவர் ஒப்பியிருப்பாரா என்பது ஐயம்.

பின்னர் ஆதார் வந்தது. கர்நாடக உயர்நீதிமன்றத்தில் நீதிபதியாயிருந்து ஓய்வு பெற்ற கே. எஸ். புட்டசாமி 2012-இல் வழக்குத் தொடுத்தார். 1954, 1962 ஆகிய ஆண்டுகளின் தீர்ப்புகளைக் காட்டி, அந்தரங்கம் அடிப்படை உரிமையன்று என அரசு வாதிட்டது. எனவே ஒன்பது நீதிபதிகள் அமர வேண்டியதாயிற்று. 2017 ஆகஸ்டு 24-இல் ஒன்பதின்மரும் ஒரே முடிவைக் கூறினர்: அந்தரங்கம் அடிப்படை உரிமையே. அதற்கு மாறான பழைய கூற்றுகள் செல்லாவாயின; சுப்பா ராவின் தோற்ற கருத்து வென்றது. மறு ஆண்டு செப்டம்பரில் ஐவர் கொண்ட அமர்வு, ஒருவர் மாறுபட, ஆதாரை நிலைநிறுத்திற்று. ஆயினும் வங்கிக் கணக்குக்கும் கைப்பேசிக்கும் அதைக் கட்டாயமாக்கலாகாது என்றது. விருப்பமிருப்பின் தரலாம் என 2019-இல் சட்டம் திருத்தப்பட்டது. வங்கிச் சாளரத்தின் முன் நிற்பவருக்கு எது விருப்பம், எது கட்டாயம் என்று எளிதில் விளங்குவதில்லை.

2023-ஆம் ஆண்டில் மூன்று சட்டங்கள் பிறந்தன. தொலைத்தொடர்புச் சட்டம் 1885-ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடைமறிக்கும் அதிகாரத்தைத் தன் 20-ஆம் பிரிவில் ஏற்றுக்கொண்டது. தந்தி 2013 சூலையிலேயே மறைந்துவிட்ட போதிலும், அதன் சட்டம் அதற்குப் பின்னும் பத்தாண்டுகளுக்கு மேல் வாழ்ந்தது வியப்பே. புதிய அஞ்சலகச் சட்டம், வெங்கட்ராமன் திருப்பி அனுப்பிய அதிகாரத்தைப் போன்றதொன்றை 33 ஆண்டுகளுக்குப் பின் ஏட்டில் ஏற்றியது. மூன்றாவது, எண்முறைத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம். நம் விவரங்களைப் பெறுவோர் நம் இசைவைக் கேட்க வேண்டும்; காக்கத் தவறினால் 250 கோடி ரூபாய் வரை தண்டம் உண்டு. அரசு அமைப்புகளுக்கு விலக்களிக்கும் வழியும் அதிலேயே உள்ளது. அதன் விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின. பெருங்கடமைகள் பலவற்றுக்குப் பதினெட்டு மாத அவகாசம் தரப்பட்டது.

தில்லியில் வாடகைக்கு வீடு தேடும் நம்மவர்க்கு இச்சட்டம் எதுவரை துணை நிற்கும் என்று பார்ப்போம். குடியிருப்போர் விவரத்தைக் காவல் நிலையத்தில் தரவேண்டும் என்பதால் வீட்டுக்காரர் ஆதார் நகல் கேட்கிறார். தரகரும் ஒன்று கேட்கிறார். கடைசி நான்கு இலக்கங்கள் மட்டும் தெரியும் நகலை ஆதார் ஆணையமே தருகிறது என்பதைப் பலர் அறியாமல் முழு எண்ணையும் தந்துவிடுகிறோம். ஜெராக்ஸ் கடையில் எடுத்த அந்தத் தாள் தரகரின் மேசை இழுப்பறையில் கிடக்கும் வரையில் 2023-ஆம் ஆண்டின் தரவுச் சட்டம் அதைத் தொடாது. அது எண்முறையில் உள்ள விவரங்களுக்கே உரியது. தரகர் அதனைத் தம் கைப்பேசியில் படம் பிடித்து இன்னொருவருக்கு அனுப்பும் அந்த நொடியில்தான் சட்டத்தின் எல்லை தொடங்குகிறது.