ஒரு டிரைவர் காதுக்கு வந்த வழி

குழி குழியாக அச்சடித்த பிளாஸ்டிக் தட்டில் வரிசையாக உட்கார்ந்திருக்கும் அந்தச் சின்ன வட்டுகளுக்கு ஹெட்போன் தொழிலில் டிரைவர் என்று பெயர். குறுக்களவு பெரும்பாலும் 40 மில்லிமீட்டர், 50-உம் உண்டு. முன்பக்கம் மெல்லிய பிளாஸ்டிக் சவ்வு, பின்பக்கம் ஒரு காந்தம், இரண்டு சால்டர் புள்ளிகள், அவ்வளவுதான். கடையில் ஹெட்போன் வாங்குகிறவர் கண்ணில் இது படுவதே இல்லை. ஹெட்போனைத் தானே செய்துகொள்கிறவர்களும், ஆசையாக வைத்திருந்த ஹெட்போனில் ஒரு காது செத்துப்போய் மாற்றுத் தேடுகிறவர்களும்தான் இதைத் தனியாகப் பார்க்கிறார்கள். பார்த்தவுடன் ஒரு முடிவுக்கும் வந்துவிடுகிறார்கள்: சத்தம் இதற்குள்தான் இருக்கிறது, மற்றதெல்லாம் வெறும் கூடு. இந்த வட்டு வந்த வழியைத் தொடர்ந்து போனால் அந்த முடிவு நிற்காது.

ஹெட்போனை வீட்டில் செய்வது இன்று நேற்றுத் தொடங்கிய பைத்தியம் இல்லை. 1910-இல் அமெரிக்காவின் யூட்டாவில் நத்தேனியல் பால்ட்வின் தன் வீட்டுச் சமையலறையில் செய்த ஹெட்போனைக் கடற்படைக்கு அனுப்பிவைத்தார். சோதித்துப் பார்த்தவர்கள் அசந்துபோய் இன்னும் வேண்டும் என்று கேட்டார்கள். ஒரு தடவைக்குப் பத்துக்கு மேல் அவரால் தர முடியவில்லை. தொழிற்சாலை என்று அவரிடம் இருந்ததே அந்தச் சமையலறைதான்.

பால்ட்வினின் பொறி வேறு வகை. நம்முடைய வட்டின் நேர்ப் பாட்டன் 1937-இல் பெர்லினில் ஆய்கன் பையரின் நிறுவனம் வெளியிட்ட டிடி 48. சவ்வில் ஒட்டிய கம்பிச்சுருள், காந்தத்தின் இடுக்கில் முன்னும் பின்னும் ஆடும் டைனமிக் முறை அதில்தான் ஹெட்போனுக்கு வந்தது. 1958-இல் மில்வாக்கியில், மருத்துவமனைகளுக்குத் தொலைக்காட்சிப் பெட்டி வாடகைக்கு விட்டுக்கொண்டிருந்த ஜான் கோஸ், மார்ட்டின் லாங்கே என்ற பொறியாளரோடு சேர்ந்து ஒரு ரெக்கார்டு பிளேயர் செய்தார். அதைத் தனியாகக் கேட்பதற்காக, இரண்டு 3 அங்குல ஸ்பீக்கர்களைப் பிளாஸ்டிக் கப்புகளில் பொருத்தி, ஓரத்தில் ஸ்பாஞ்சு வைத்துக் காதில் மாட்டக் கொடுத்தார். பிளேயரை விட்டுவிட்டுக் கூட்டம் ஹெட்போனைப் பிடித்துக்கொண்டது. ஸ்டீரியோ ஹெட்போன் என்ற பொருளே ஸ்பீக்கரை எடுத்துக் கப்பில் வைத்துப் பார்த்ததில் பிறந்ததுதான்.

3 அங்குலம் 40 மில்லிமீட்டராகச் சுருங்கியதற்குக் காந்தமும் ஒரு காரணம். 1979-இல் வாக்மேனோடு வந்த சோனியின் இலேசான ஹெட்போனில் சமேரியம்-கோபால்ட் காந்தம் இருந்தது. சக்தி உண்டு, விலையும் உண்டு. 1980-களின் தொடக்கத்தில் ஜப்பானில் மசாதோ சகாவாவும், அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸின் ஜான் குரோட்டும் தனித்தனியாக நியோடிமியம்-இரும்பு-போரான் காந்தத்தைக் கண்டுபிடித்தார்கள். அதற்குப் பின் சட்டைப் பொத்தான் அளவு உலோகமே ஒரு காதுக்குப் போதுமானதாகிவிட்டது. இன்றைக்கு ஒரு டிரைவரின் பயணம் எங்கே தொடங்குகிறது என்று கேட்டால், சீனாவின் உள் மங்கோலியாவில் பாவோதோவ் நகருக்கு வடக்கே உள்ள பயான் ஓபோ சுரங்கத்தைக் காட்டலாம். உலகின் மிகப் பெரிய அருமண் படிவம் அதுதான். அங்கிருந்து வரும் நியோடிமியத்தை இரும்போடும் போரானோடும் உருக்கி, சில மைக்ரான் அளவுக்குப் பொடியாக்கி, காந்தப்புலத்தில் வைத்து அழுத்தி, 1,000 டிகிரிக்கு மேல் சுட்டு எடுக்கிறார்கள். சும்மா விட்டால் துருப்பிடிக்கும் என்பதால் மேலே நிக்கல் பூச்சு.

சவ்வின் கதை இதைவிட எளிது. பாட்டில் செய்யும் அதே பாலியெஸ்டர் குடும்பத்துப் படலத்தைச் சூடாக்கி, காற்றழுத்தத்தில் அச்சுக்குள் படியவைப்பார்கள். நடுவில் ஒரு குவிமாடம், அதைச் சுற்றிச் சாய்வான வரிகள். வரிகள் அழகுக்கு இல்லை. சவ்வு முன்பின்னாகச் சுலபமாக ஆடவும் கோணலாகத் திருகிக்கொள்ளாமல் இருக்கவும். தலைமுடியைவிட மெல்லிய, செம்புப் பூச்சுள்ள அலுமினியக் கம்பியைச் சுருளாக்கி நடுவில் ஒட்டுகிறார்கள். சுருளுக்கும் காந்தத்துக்கும் இடையே உள்ள இடுக்கு ஒரு மில்லிமீட்டரில் சிறு பங்கு.

பின்பக்கத்தைத் திருப்பினால் துளைகள் தெரியும். அவற்றின்மேல் வட்டமாக வெட்டிய காகிதமோ நெய்த வலையோ ஒட்டியிருக்கும். வாங்குகிறவர்கள் கவனிக்காத பாகம் இதுதான். தொழிற்சாலைக்காரர்கள் இதில்தான் கண்ணாக இருப்பார்கள். காந்தமும் சவ்வும் மாறாமல் காகிதத்தை மட்டும் மாற்றியே ஒரே டிரைவரை இரண்டு விதமாகப் பேசவைக்க முடியும்.

ஒரு தொகுதி தயாரானதும் ஒவ்வொன்றையும் ஒலி எழுப்பிச் சோதித்து, ஒத்துப்போகிறவற்றை இடம் வலமாக ஜோடி சேர்ப்பார்கள். கம்பெனிகளின் ஆர்டருக்குப் போனது போக மிச்சம், ஜோடி சேராதவை, நின்றுபோன மாடலுக்காகச் செய்தவை ஆகியவற்றுக்கு இன்னொரு வழி உண்டு. அந்த வழி ஷென்ஜென் நகரின் ஹுவாசியாங்பெய் சந்தைக்குப் போகிறது. மாடி மாடியாக மின்னணு உதிரிபாகக் கடைகள். ஒரு மேசை அகலமே ஒரு கடை. அங்கிருந்து இணையக் கடைகள், தபால் உறை, நம் வாசல்.

இந்த வழியில் வரும் டிரைவரோடு ஒரு அட்டவணையும் வரும். 32 ஓம், 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ், இத்தனை டெசிபல். இதில் நடுவில் உள்ளதைப் படிக்கவே வேண்டாம். எத்தனை டெசிபல் ஏற்ற இறக்கத்துக்குள் என்று சொல்லாத 20 முதல் 20,000 எந்த டிரைவருக்கும் பொருந்தும். ஓம் கணக்கு உண்மையில் உதவும். 32 ஓம் என்றால் போனிலேயே ஓடும். சென்ஹைசரின் எச்டி 600-இல் இருக்கும் 300 ஓம் டிரைவர் அதிக வோல்ட்டேஜ் கேட்கும். நல்ல ஆம்ப்ளிஃபையர் இல்லாதவர் அதைத் தொட வேண்டாம். டெசிபல் எண்ணை ஒப்பிடும்போது அது ஒரு மில்லிவாட்டுக்கா, ஒரு வோல்ட்டுக்கா என்று பார்க்க வேண்டும். 32 ஓம் டிரைவருக்கு இரண்டுக்கும் நடுவே 15 டெசிபல் வித்தியாசம்.

மாற்று டிரைவருக்கு நேர்வழியும் இருக்கிறது. எச்டி 600 போன்ற சிலவற்றைப் பாகம் பாகமாகக் கழற்றலாம். டிரைவரும் உதிரிபாகமாகவே கிடைக்கும். விலை கசக்கும். ஆனால் அந்த டிரைவர் எந்தக் கூட்டுக்காகப் பிறந்ததோ அந்தக் கூட்டுக்கே போவதால் மாட்டினால் வேலை முடிந்தது. பெயர் தெரியாத டிரைவர் வாங்குகிறவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான்: இரண்டு வாங்காதீர்கள், ஆறு வாங்குங்கள். ஜோடி சேர்க்கும் வேலை இப்போது உங்களுடையது.

உறையைப் பிரித்தவுடன் சால்டரிங் அயர்னைத் தேடக் கூடாது. முதலில் மல்டிமீட்டர். 32 ஓம் டிரைவர் 30-ஐ ஒட்டிக் காட்டினால் சுருள் நலம். ஒன்றுமே காட்டாவிட்டால் கம்பி எங்கோ அறுந்திருக்கிறது. அடுத்து ஒன்றரை வோல்ட் பேட்டரியை ஒரு கணம் தொட்டு எடுத்தால் சவ்வு முன்னால் வருகிறதா, பின்னால் போகிறதா என்று தெரியும். இரண்டு காதிலும் ஒரே திசை இருக்க வேண்டும். ஒன்று மாறினால் பாடகர் நடுவில் நிற்காமல் தலைக்கு வெளியே எங்கோ கலைந்துபோவார், பாஸும் காணாமல் போகும். சால்டர் வைக்கும்போது பயப்பட வேண்டியது காந்தத்துக்கு. இரும்பு இடுக்கியைப் பக்கத்தில் கொண்டுபோனால் அது கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு சவ்வின் மேல் பாயும். மேசையில் கிடக்கும் இரும்புத்தூள் ஒன்று இடுக்கில் நுழைந்தாலும் போதும், வீணையின் தாழ்ந்த மீட்டு ஒவ்வொன்றிலும் கரகரக்கும். அதிக நேரம் சூடு காட்டினால் சால்டர் புள்ளியே பெயர்ந்து கையோடு வந்துவிடும்.

இனிதான் ஏமாற்றம். கம்பி இணைத்து, பாட்டுப் போட்டு, டிரைவரைக் கையில் பிடித்துக் காதருகே கொண்டுபோனால் தகர டப்பாவுக்குள் பாடுவதாகக் கேட்கும். சரக்கு மோசம் என்று பலர் இங்கேயே ஒதுக்கிவிடுகிறார்கள். சரக்கில் குற்றமில்லை. சவ்வு முன்னால் தள்ளும் காற்றும் பின்னால் இழுக்கும் காற்றும் ஓரத்தைச் சுற்றி ஓடி ஒன்றையொன்று தின்றுவிடுகின்றன. அட்டையில் வட்டமாக வெட்டி டிரைவரை அதில் பதித்து, இயர்பேட் வைத்து, காதோடு அழுத்துங்கள். அதே வட்டிலிருந்து மிருதங்கத்தின் தொப்பிப் பக்கம் எழுந்துவரும். காதுக்கும் சவ்வுக்கும் நடுவே அடைபட்ட காற்றில்தான் பாஸ் இருக்கிறது. கண்ணாடி போட்டவருக்கு அதன் காம்பு இயர்பேடைச் சற்றுத் தூக்குவதாலேயே பாஸ் கசிந்து குறையும்.

கூட்டைப் பின்னால் மூடினால் உள்ளே உள்ள காற்று சவ்வுக்கு இன்னொரு வில்லாகிறது. சவ்வின் இயல்பான அதிர்வெண் மேலே ஏறுகிறது. பாஸில் ஆழம் குறைந்து 150, 200 ஹெர்ட்ஸ் பக்கம் ஒரு வீக்கம் விழுகிறது. ஆண் குரலெல்லாம் ஜலதோஷம் பிடித்ததாகிவிடும். கூட்டைத் திறந்துவிட்டால் இந்தத் தொல்லை குறையும், பக்கத்தில் இருப்பவருக்கும் பாட்டுக் கேட்கும். நடுவழி, சின்ன துளை போட்டு அதன்மேல் காகிதம் ஒட்டுவது. இங்கே செய்கிற வேலை, மிருதங்க வித்வான் கச்சேரிக்கு முன் தொப்பியில் பிசைந்த ரவையை அப்பி, தட்டி, கொஞ்சம் கிள்ளி எடுத்து, மறுபடி தட்டுவதற்கு ரொம்பப் பக்கத்தில் இருக்கிறது. மருந்துக்கடையில் கட்டுப்போட விற்கும் மைக்ரோபோர் டேப் இதற்கு வாகான பொருள். காற்றைத் தடுக்காது, தயங்கவைக்கும். டிரைவரின் பின்துளைகளில் ஒரு அடுக்கு ஒட்டினால் வீக்கம் அடங்கும். மேலே மேலே ஒட்டிக்கொண்டே போனால் பாஸே வற்றும். காற்றே புகாத டேப் ஒட்டித் துளையை முழுசாக அடைத்தால் சவ்வுக்கு மூச்சுவிட இடமில்லாமல் ஒலி மெலியும்.

கூட்டுக்குள் கம்பளி ஃபெல்ட்டோ பஞ்சோ வைப்பது வேறு காரணத்துக்கு. எதிரெதிர்ச் சுவர்களுக்கு இடையே முட்டிமோதும் ஒலியைத் தணிக்க. முன்பக்கம் சவ்வுக்கும் காதுக்கும் நடுவே மெல்லிய ஸ்பாஞ்சு வட்டம் வைத்தால், ஸகர ஷகரங்களில் காதைக் கீறும் கூர்மை குறையும். எல்லாவற்றையும்விடப் பெரிய மாற்றத்தைத் தருவது இயர்பேட். தோலா துணியா, எவ்வளவு தடிமன், உட்பக்கம் துளையிட்டதா என்பதை வைத்து ஒரே டிரைவர் வேறு ஆளாகிவிடும். அதனால் டேப், பஞ்சு வேலையெல்லாம் பேடை முடிவு செய்த பிறகுதான். பேடைக் கடைசியில் மாற்றினால் அதுவரை செய்ததெல்லாம் வீண்.

காதை மட்டும் நம்பி இதையெல்லாம் செய்ய முடியுமா? கொஞ்ச தூரம் முடியும். அதற்கு மேல் மைக் வேண்டும். சென்னையின் ரிச்சி தெரு மாதிரி உதிரிபாகத் தெருக்களில் சல்லிசாகக் கிடைக்கும் எலெக்ட்ரெட் மைக் ஒன்றைப் பலகையில் பதித்து, அதன்மேல் ஹெட்போனைக் கவிழ்த்து, ரூம் ஈக்யூ விசார்ட் என்ற இலவச மென்பொருளில் தாழ்ந்த ஒலியிலிருந்து உயர்ந்த ஒலிவரை ஒரு ஸ்வீப் ஓட்டினால், எந்த அதிர்வெண்ணில் எவ்வளவு சத்தம் என்று காட்டும் கோடு ஒன்று கிடைக்கும். அது உண்மையான காதின் கோடு இல்லை. காதுமடலும் காதுக் குழாயும் 3,000 ஹெர்ட்ஸ் பக்கம் ஒலியைத் தாமே உயர்த்துகின்றன. பலகைக்கு மடலும் இல்லை, குழாயும் இல்லை. அதனால் கோடு சமதளமாக வர வேண்டும் என்று பாடுபடுவது வீண். இடதும் வலதும் ஒத்துப்போகின்றனவா, டேப் ஒட்டுவதற்கு முன்னும் பின்னும் எது மாறியது என்ற இரண்டு கேள்விக்கு மட்டும் இந்தப் பலகை நேர்மையாகப் பதில் சொல்லும். வாங்கிய ஆறு டிரைவரிலிருந்து ஜோடியைப் பிரித்தெடுப்பதும் இதில்தான். 8,000 ஹெர்ட்ஸுக்கு மேலே ஹெட்போனை அரை சென்டிமீட்டர் நகர்த்தினாலே கோடு மாறும். அங்கே தெரியும் குன்று பள்ளங்களைத் துரத்த வேண்டாம்.

எந்த வடிவத்தை நோக்கிப் போவது என்பதற்கு ஹார்மன் நிறுவனத்தின் ஷான் ஆலிவும் டாட் வெல்டியும் 2012-ஐ ஒட்டித் தொடங்கிய ஆய்வுகள் ஒரு திசை காட்டின. நல்ல அறையில் நல்ல ஸ்பீக்கரில் கேட்பது போன்ற ஒலியை, பாஸ் சற்றுத் தூக்கலாக இருந்தால், பெரும்பாலானவர்கள் விரும்பினார்கள். திசை என்ற அளவில் ஏற்கிறேன். நாகஸ்வரமும் தவிலும் கேட்கிறவர் தன் செவிக்கு ஏற்றபடி அதிலிருந்து விலகிப்போவது தப்பில்லை.

சத்தம் டிரைவருக்குள் மட்டும் இல்லை என்பதற்குப் பழைய சாட்சி ஒன்று உண்டு. சோனி 1989-இல் எம்டிஆர்-ஆர்10 என்ற ஹெட்போனை வெளியிட்டது. பாக்டீரியா நெய்த செல்லுலோஸால் ஆன சவ்வு அதில் இருந்தது. அதைப் பற்றித்தான் இன்றும் பேச்சு. அதே அளவு உழைப்பு ஜெல்கோவா மரத்தில் குடைந்த கப்புகளின் உள்வடிவத்துக்கும் போயிருக்கிறது. பயோசெல்லுலோஸ் என்ற பெயர் ஒட்டிய டிரைவர்கள் இப்போது சந்தையில் தாராளமாக விற்கின்றன. அவற்றை வாங்கிச் சாதாரணக் கப்பில் திணித்துவிட்டு, ஏன் அந்தச் சோனி போல இல்லை என்று கேட்பவர்களும் தாராளம்.

புது டிரைவரை நூறு மணி நேரம் ஓடவிட்டால் இளகி இனிமையாகும் என்று சொல்வார்கள். இளகுவது பெரும்பாலும் கேட்பவரின் காதும், இயர்பேடின் ஸ்பாஞ்சும் என்பது என் எண்ணம். ஸ்பாஞ்சு இளகுவதில் சந்தேகமே இல்லை. ஒரு வருடம் உழைத்த பேட் அமுங்கி, காது சவ்வை நெருங்கி, கூர்மை மறுபடி தலைதூக்கும். அதற்காகவே அனுபவசாலிகள் டிரைவரைப் பசை போட்டு ஒட்டுவதில்லை. திருகில் மாட்டி, ஓரத்தில் காற்றுக் கசியாமல் ரப்பர் வளையம் வைக்கிறார்கள். பழைய கோட்டைக் கணினியில் சேமித்து வைத்தவர் பேடை மாற்றி, பலகையில் கவிழ்த்து, இன்னொரு ஸ்வீப் ஓட்டி, வேண்டிய இடத்தில் ஒரு துண்டு டேப்பை உரித்துவிட்டு மாட்டிக்கொள்கிறார்.