மருந்துக் கடைப் பதிவேட்டின் கதை

திண்டுக்கல்லில் உள்ள மருந்துக் கடைகள் உட்பட இந்தியாவின் எல்லா மருந்துக் கடைகளிலும் 'எச்1' என்றொரு தனிப் பதிவேடு இருக்க வேண்டும். அது ஏன் வந்தது தெரியுமா?

2008-ல் சுவீடனில் இந்திய வம்சாவளி நோயாளி ஒருவரிடம் ஒரு பாக்டீரியா கண்டறியப்பட்டது. அவர் அதற்குமுன் டெல்லியில் மருத்துவமனையில் இருந்தவர். மருத்துவர்கள் கடைசி ஆயுதமாக வைத்திருந்த கார்பபெனம் மருந்துகளையே சிதைக்கும் நொதி அக்கிருமியிடம் இருந்தது. அதற்கு 'நியூ டெல்லி' பெயரைச் சேர்த்து என்.டி.எம்-1 என்றார்கள். 2010-ல் லான்செட் குழும இதழ் ஒன்றில் வந்த ஆய்வு, சென்னை நோயாளிகளிடமும் அது இருப்பதைக் காட்டியது. முதல் ஆசிரியர் சென்னைப் பல்கலைக்கழகத்தின் கார்த்திகேயன் குமாரசாமி. ஊர்ப் பெயரை வைத்ததற்குத்தான் இங்கே பெரிய சண்டை நடந்தது!

கிருமிக்குப் பெயர் முக்கியமில்லை. மருத்துவமனையில் ஆன்டிபயாடிக் கொடுக்கக் கொடுக்கச் சாதாரணக் கிருமிகள் சாகும், தாக்குப்பிடிப்பவை பெருகும். எதிர்ப்பு மரபணு, பிளாஸ்மிட் என்ற டி.என்.ஏ. வளையம் வழியாக வேறு இனக் கிருமிக்கும் தாவும். கழுவாத கை அதை அடுத்த படுக்கைக்குக் கொண்டுபோகும்.

2012 ஆகஸ்டில் மருத்துவச் சங்கங்கள் சென்னையில் கூடி, 'சென்னைப் பிரகடனம்' உருவானது. சீட்டில்லாத விற்பனைக்குக் கடிவாளம் வேண்டும் என்றது அது. 2013-ல் மத்திய அரசு அறிவித்த எச்1 பட்டியல் 2014 மார்ச்சில் நடைமுறைக்கு வந்தது. மருத்துவர், நோயாளி, மருந்து, அளவு எல்லாம் எழுதி மூன்றாண்டு வைத்திருக்க வேண்டும்.

எழுதுவது கடைக்காரர் பொறுப்பு. சீட்டில்லாமல் கேட்காதிருப்பது வாங்குபவர் பொறுப்பு.